கதவைத் திறக்குமுன் கேளுங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புலம்பல்: வீடு மாறினோம், பிசிஎன் (வண்டிக்கான அபராத நோட்டீஸ்) பழைய வீட்டுக்குப் போனது, இப்போது புது வீட்டு வாசலில் கடன் வசூலிக்கும் பெய்லிஃப் நிற்கிறார். மற்றக் கேள்விகள் அடுத்த இதழ்வரை பொறுக்கட்டும். இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. கிளாஸ்கோ வாசகர்கள் இதை நம்பி வாதாடிவிட வேண்டாம்.

கேள்வி: பெய்லிஃப் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். திறக்கலாமா, கூடாதா?
வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: திறக்காதீர்கள். பிசிஎன் கடனுக்காக முதல் தடவை வரும் பெய்லிஃபுக்குக் கதவை உடைக்கவோ, உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவோ, ஜன்னல் வழியாக ஏறவோ அதிகாரம் இல்லை. ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் அது சட்டப்படி செல்லும். முதலில் பூட்டு, பிறகு பேச்சு. அடையாள அட்டையையும் வாரண்டையும் ஜன்னலுக்கு எதிரே காட்டச் சொல்லுங்கள். அவருடைய பெயர், எந்த கவுன்சில், பிசிஎன் எண், வாரண்டில் இருக்கும் முகவரி, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த முகவரிதான் பின்னால் கைகொடுக்கும். காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் வீட்டில் அவருக்கு வேலை இல்லை.

கேள்வி: "போலீஸைக் கூப்பிடுவேன், ஜெயிலுக்குப் போவாய்" என்கிறார். நான் விசாவில் இருப்பவன். கை நடுங்குகிறது.
வாசகர், ஹவுன்ஸ்லோ

பதில்: நடுங்க வேண்டாம். கவுன்சில் போடும் பிசிஎன் சிவில் அபராதம். குற்றத் தீர்ப்பு அல்ல. அதைக் கட்டாததற்கு ஜெயில் கிடையாது. சிசிஜே (கவுண்டி கோர்ட் தீர்ப்பு) போல உங்கள் கடன் பதிவிலும் ஏறாது. போலீஸ் வந்தால் கைகலப்பு நடக்காமல் பார்ப்பார்கள்; பணம் வசூலித்துக் கொடுப்பது அவர்கள் வேலை இல்லை. நீங்கள் அவர்மீது கைவைத்தாலோ வேண்டுமென்றே வழிமறித்தாலோதான் அது குற்றம். குரலை உயர்த்தாமல் போனில் வீடியோ எடுங்கள். அவர் சொன்ன மிரட்டல் அதில் பதிந்திருந்தால் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள். பெய்லிஃபை அனுப்பியது கவுன்சில். அவர் நடத்தைக்குப் பொறுப்பும் கவுன்சில்தான்.

கேள்வி: யூலெஸ் கட்டணம் 12.50 பவுண்ட் கட்ட மறந்தேன். இப்போது அறுநூறு பவுண்டுக்கு நிற்கிறது. இது எந்த ஊர் கணக்கு?
வாசகர், ஹேரோ

பதில்: லண்டன் கணக்கு. 2023 ஆகஸ்ட் 29 முதல் யூலெஸ், அதாவது மாசு கூடிய வண்டிகளுக்கான கட்டணப் பகுதி, லண்டனின் எல்லா பரோக்களுக்கும் வந்துவிட்டது, ஹேரோவும் அதற்குள்தான். கட்டத் தவறினால் அபராதம் 180 பவுண்ட், 14 நாளுக்குள் கட்டினால் 90. பணமும் கட்டாமல் மறுப்பும் எழுதாமல் 28 நாள் போனால் சார்ஜ் சர்டிபிகேட் வரும். தொகை 270 ஆகும். அதைக் கடனாகப் பதிய ஒரு சிறு கட்டணம். வாரண்ட் பெய்லிஃப் நிறுவனத்துக்குப் போனதுமே 75, ஆள் உங்கள் வாசலுக்கு வந்ததும் 235. இந்த இரண்டும் 2014 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வந்தபோது நிர்ணயித்த தொகைகள். உங்கள் கடிதத்தில் வேறு தொகை இருந்தால் அரசு வெளியிட்டிருக்கும் இன்றைய அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கூட்டிப் பாருங்கள்: 580, பதிவுக் கட்டணம் தனி. தொகை சட்டப்படி சரி.

நியாயப்படி சரியா என்றால், வீடு மாறியவர் விஷயத்தில் இல்லை என்பேன். நோட்டீஸ் அனுப்பும்போது டிவிஎல்ஏ (ஓட்டுநர், வாகனப் பதிவு அலுவலகம்) பதிவில் உள்ள பழைய முகவரி ஒன்றே போதும் என்கிறார்கள். அது திரும்பி வந்தாலும் அடுத்ததும் அங்கேயே போகிறது. வசூல் என்று வந்ததும் உங்கள் புது முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து ஆள் அனுப்புகிறார்கள். அந்தத் தேடலை முதல் கடிதத்துக்குச் செய்திருந்தால் பலர் 90 பவுண்ட் கட்டிவிட்டு மறந்திருப்பார்கள். கிடைக்காமல் போன கடிதத்துக்கு மேல் கட்டணம், அதன்மேல் கட்டணம் என்று ஏற்றுவது மனிதரை நசுக்கும் வேலை.

இன்னொன்று. ஒரே ஆள்மேல் மூன்று நான்கு வாரண்ட் இருந்தால் 75 ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்குமாக ஒரே தடவை வந்துவிட்டு 235-ஐ மூன்றால் நான்கால் பெருக்கக் கூடாது. நடைமுறையில் சேர்த்துச் செய்ய முடிந்ததைச் சேர்த்தே செய்ய வேண்டும் என்று கட்டண விதி சொல்கிறது. பில்லை வரிவரியாகப் பாருங்கள்.

கேள்வி: மார்ச்சில் வீடு மாறினோம் அக்கா. பார்க்கிங் பிசிஎன் பற்றி ஒரு கடிதமும் கண்ணால் காணவில்லை. முதல் கடிதமே பெய்லிஃப் கடிதம்தான். சீட்டுக்காசை எடுத்துக் கட்டிவிடலாமா, அல்லது சண்டை போடலாமா?
வாசகி, டூட்டிங்

பதில்: சீட்டுக்காசு சீட்டிலேயே இருக்கட்டும். சண்டையும் வேண்டாம். இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது. அதைப் பெய்லிஃப் உங்களுக்குச் சொல்லமாட்டார், கவுன்சில் தொலைபேசியில் இருப்பவரும் பெரும்பாலும் சொல்லமாட்டார்.

பிசிஎன் கடன்கள் எல்லாம் நார்தாம்ப்டனில் உள்ள ட்ராஃபிக் என்ஃபோர்ஸ்மென்ட் சென்டரில் பதிவாகின்றன. சுருக்கமாக டிஇசி. அங்கே பதிந்ததும் உங்கள் பெயருக்கு ஆர்டர் ஃபார் ரிகவரி என்ற உத்தரவு போகும். 21 நாளுக்குள் பணம் கட்டு, இல்லையென்றால் காரணம் சொல் என்பது அதன் சாரம். உங்களுக்கு அந்த உத்தரவே பழைய வீட்டுக்குப் போயிருக்கும். அந்த 21 நாளும் உங்களுக்குத் தெரியாமலே கழிந்திருக்கும். ஆகவே நீங்கள் இரண்டு படிவம் சேர்த்து அனுப்ப வேண்டும். பார்க்கிங் என்றால் டிஇ9, டிஇ7. பஸ் லேன், நெரிசல் கட்டணம் போன்ற வேறு சில வகைகளுக்கு பிஇ3, பிஇ2 என்ற ஜோடி. எது உங்களுக்கு என்று டிஇசி-யைத் தொலைபேசியில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். பிஇ3 மட்டும் சத்தியப் பிரமாணம். வழக்கறிஞர் முன்னால் என்றால் 5 பவுண்ட், கவுண்டி கோர்ட் ஊழியர் முன்னால் என்றால் இலவசம். டிஇ9-க்கு உங்கள் கையெழுத்தே போதும்.

டிஇ9-இல் "நோட்டீஸ் டு ஓனர் எனக்கு வந்து சேரவில்லை" என்ற கட்டத்தில் குறியிடுங்கள். ஒரு கட்டம் மட்டும். டிஇ7-இல் ஏன் தாமதம் என்று எழுதுங்கள். இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பலாம். அனுப்பியதும் டிஇசி கவுன்சிலுக்கு அறிவிக்கும். முடிவு வரும்வரை வசூல் நிறுத்திவைக்கப்பட வேண்டும். டிஇசி-யிடமிருந்து வரும் பதிலின் பிரதியை அன்றைக்கே கவுன்சிலுக்கும் பெய்லிஃப் நிறுவனத்துக்கும் நீங்களே அனுப்புங்கள். அவர்கள் பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு அலுவலகத்தில் நின்ற செய்தி இன்னொரு அலுவலகத்துக்குப் போவதற்குள் உங்கள் காரின் சக்கரத்தில் கிளாம்ப் விழுந்துவிடும்.

கூடவே கவுன்சிலிடம் எழுத்தில் ஒன்று கேளுங்கள்: வாரண்ட் எந்த முகவரிக்குப் போடப்பட்டது? வாரண்ட் வந்தபின் முகவரி மாறியிருந்தால், புது முகவரியையும் அங்கே இருப்பவர் நீங்கள்தான் என்பதற்கான ஆதாரத்தையும் கொடுத்து, கவுன்சில் அதை மறுபடி வழங்கக் கோர வேண்டும் என்று சிவில் நடைமுறை விதி 75.7 வழி காட்டுகிறது. அப்படிக் கோரினீர்களா, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால் உங்கள் நிலை பலமாகிறது.

டிஇசி ஏற்றுக்கொண்டால் உத்தரவு ரத்து, சார்ஜ் சர்டிபிகேட் ரத்து, அதன்மேல் ஏறிய பெய்லிஃப் கட்டணமும் போச்சு. ஆனால் பிசிஎன் போகாது. கவுன்சில் நோட்டீஸை உங்கள் புது முகவரிக்குப் புதிதாக அனுப்பலாம். அப்போது கட்டலாம், அல்லது மறுத்து எழுதலாம், மறுப்பைக் கவுன்சில் தள்ளினால் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். லண்டனுக்கு லண்டன் ட்ரைப்யூனல்ஸ், வெளியே ட்ராஃபிக் பெனால்டி ட்ரைப்யூனல். அங்கே முறையிடக் கட்டணம் இல்லை. உங்களுக்குக் கிடைப்பது விடுதலை இல்லை, பறிபோன முதல் வாய்ப்பு. அதற்காகத்தான் இத்தனை எழுத்தும்.

கேள்வி: நான் டிஇ7 போட்டேன். நிராகரித்துவிட்டார்கள். ஐந்து நிமிடம்தான் நிறுத்தினேன், சாமான் இறக்கினேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேனே!
வாசகர், வெம்பிளி

பதில்: அந்த இரண்டு பக்கம்தான் காரணம். டிஇ7 கேட்பது ஒரே கேள்வி: ஏன் தாமதம்? பார்க்கிங் சரியா தவறா என்பது அங்கே யாருக்கும் வேண்டாத கதை. "2 மார்ச் அன்று வீடு மாறினேன். 5 மார்ச் அன்று டிவிஎல்ஏ-வில் முகவரி மாற்றினேன். 11 ஜூன் அன்று பெய்லிஃப் கடிதம் வந்தபோதுதான் இந்தக் கடன் இருப்பது தெரிந்தது. 13 ஜூன் அன்று இதை அனுப்புகிறேன்." இவ்வளவுதான் வேண்டும், தேதிகள் உங்களுடையவையாக. கூட வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், புது லாக்புக் (வண்டிப் பதிவுச் சான்று) மூன்றின் நகல். சாமான் இறக்கிய கதையைத் தீர்ப்பாயத்துக்கு வைத்திருங்கள். அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

நிராகரிப்புத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் என்244 படிவத்தில் மாவட்ட நீதிபதியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு; வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. போகுமுன் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் உங்கள் காகிதங்களைக் காட்டுங்கள். அவர்கள் காசு கேட்கமாட்டார்கள்.

கேள்வி: உண்மையைச் சொல்கிறேன். டிவிஎல்ஏ-வில் முகவரி மாற்றவே இல்லை. இப்போது நான் டிஇ9 போட்டால் கேலி செய்வார்களா?
வாசகர், லூயிஷம்

பதில்: எதிர்ப்பார்கள். லாக்புக் முகவரியை மாற்றாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. கவுன்சில் அதைத்தான் முதல் வரியாக எழுதும். ஆனாலும் நோட்டீஸ் கைக்கு வரவில்லை என்பது உண்மையானால் அந்தக் கட்டத்தில் குறியிட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஏன் மாற்றவில்லை என்பதை நேராக எழுதுங்கள்: பிரசவம், ஆஸ்பத்திரி, வேலை பறிபோனது, எது நடந்ததோ அது. ஒன்றும் நடக்கவில்லை, மறந்தேன் என்றால் மறந்தேன் என்றே எழுதுங்கள். இன்றைக்கே ஆன்லைனில் லாக்புக்கையும் லைசென்ஸையும் தனித்தனியாக மாற்றுங்கள். இரண்டும் இலவசம். லைசென்ஸை மாற்றியதும் லாக்புக் தானாக மாறிவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நம் ஆட்களில் ஏராளம்.

கேள்வி: கடிதம் வந்தது, பார்த்தேன், ஓரமாக வைத்தேன். வரவில்லை என்று டிஇ9-இல் எழுதிவிட்டால்?
பெயர் வேண்டாம்

பதில்: எழுதாதீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் அது நீதிமன்ற அவமதிப்பு. பிஇ3-இல் எழுதினால் பொய்ச் சத்தியம். ஜெயிலே இல்லாத ஒரு விஷயத்தில் நீங்களாக ஜெயிலுக்கு வழி தேட வேண்டாம். உங்களுக்கு உதவக்கூடியது வேகம்: பெய்லிஃபின் முதல் கடிதத்துக்குப் பின் ஏழு முழு நாள் அவகாசம் இருக்கிறது, ஞாயிறும் வங்கி விடுமுறையும் கணக்கில் சேராது. அதற்குள் கட்டினாலோ தவணை பேசி முடித்தாலோ 75-உடன் போகும், 235 ஏறாது. அதற்குள் தவணை கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசிப் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

கேள்வி: கடன் என் தம்பியுடையது. கிளாம்ப் விழுந்தது என் காருக்கு. அவன் என் வீட்டில் தங்கியிருக்கிறான் என்பதற்காகவா?
வாசகி, இல்ஃபர்ட்

பதில்: அதற்காகத்தான், ஆனால் செல்லாது. கடன்காரருடைய பொருளைத்தான் எடுக்கலாம். வாங்கிய ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு விவரம், காப்பீடு, லாக்புக் எல்லாவற்றையும் உடனே அனுப்புங்கள். லாக்புக் மட்டும் போதாது. அது வண்டியின் பொறுப்பாளர் யார் என்று சொல்லுமே தவிர உரிமையாளர் யார் என்று சொல்லாது. கிளாம்ப் போட்டபின் குறைந்தது இரண்டு மணி நேரம் காத்திருந்துதான் வண்டியைத் தூக்க முடியும். அந்த இரண்டு மணி நேரத்தில் அழுவதைவிட ரசீது தேடுவது நல்லது. தூக்கிவிட்டால் ஏழு நாளுக்குள் எழுத்தில் உரிமை கோர வேண்டும்.

ப்ளூ பேட்ஜ் காட்சிக்கு வைத்திருக்கும் வண்டியையும் தொடக்கூடாது. வேலைக்கு அவசியமான கருவிகள் மொத்தம் 1,350 பவுண்ட் மதிப்புவரை விலக்கு. டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். ஆயிரம் பவுண்ட் பழைய காரில் பிழைப்பவருக்கு இந்த விதி சோறு. அடுப்பு, கட்டில், குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் மெஷின் இவையும் தப்பும்.

கேள்வி: பெய்லிஃப் ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு, சாமானை எடுக்கமாட்டேன்" என்கிறார்.
வாசகர், மிட்சம்

பதில்: படிக்காமல் போடாதீர்கள். அதில் எழுதிய சாமான் அவர் கட்டுப்பாட்டுக்குப் போய்விடும். தவணை ஒன்று தவறினால் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, இந்த முறை பலவந்தமாகக் கதவைத் திறக்கும் அதிகாரத்தோடு வரலாம்.

கேள்வி: சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்குக்கு ஒரு தனியார் கம்பெனி 170 பவுண்ட் கேட்டு, பெய்லிஃப் வருவார் என்று எழுதியிருக்கிறது.
வாசகர், க்ராய்டன்

பதில்: வரமாட்டார், இப்போதைக்கு. அது கவுன்சில் அபராதம் அல்ல, தனியார் கேட்கும் கட்டணம். அவர்கள் கோர்ட்டுக்குப் போய் சிசிஜே வாங்கி, அதையும் நீங்கள் கட்டாவிட்டால்தான் பெய்லிஃப். கடன் வசூல் கம்பெனி எத்தனை சிவப்பு எழுத்தில் எழுதினாலும் அதற்கு உங்கள் வாசலில் அதிகாரம் இல்லை. ஆபத்து வேறிடத்தில்: கோர்ட் கடிதம் உங்கள் பழைய வீட்டுக்குப் போய் உங்களுக்குத் தெரியாமல் சிசிஜே விழுந்துவிடும். ஒரு மாதத்துக்குள் கட்டாத சிசிஜே ஆறு வருடம் பதிவில் நிற்கும். வீட்டுக் கடன் கேட்கும்போது முகத்தில் அறையும். ஆகவே வீடு மாறியதும் பழைய முகவரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த தனியார் கம்பெனிகளுக்கும் புது முகவரியைச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் விழுந்துவிட்டால் என்244 போட்டு நீக்கக் கேட்கலாம், தாமதிக்காமல்.

கேள்வி: என்னுடையது ஸ்பீடிங். இதற்கும் டிஇ9 தானா?
வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: இல்லவே இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது மாஜிஸ்திரேட் கோர்ட் விவகாரம், குற்றவியல் அபராதம். யார் ஓட்டியது என்று கேட்டுப் பழைய வீட்டுக்குப் போன கடிதத்துக்குப் பதில் போகாததால் உங்கள் லைசென்ஸில் ஆறு புள்ளி ஏறியிருக்கலாம். இந்த அபராதத்துக்கு வரும் பெய்லிஃபுக்குப் பலவந்தமாகக் கதவைத் திறந்து நுழையும் அதிகாரமும் உண்டு. வழக்கு நடந்ததே தெரியாது என்றால், தெரியவந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் தீர்ப்பு நீங்கி வழக்கு புதிதாகத் தொடங்கும். இன்று போன் செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவருக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் வருகிறது. நேற்று பெய்லிஃபே வந்துவிட்டார்.
வாசகி, ஸ்லவ்

பதில்: கடிதங்களைக் குப்பையில் போடாதீர்கள். உறையின் மேல் "இந்த முகவரியில் இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதித் தபால்பெட்டியில் போடுங்கள். எங்கோ ஒருவர் அந்தக் கடிதம் வராமல்தான் தவித்துக்கொண்டிருக்கிறார். பெய்லிஃப் நிறுவனத்துக்கு உங்கள் பெயரில் உள்ள கவுன்சில் டாக்ஸ் பில்லின் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வந்தவரிடம் அதை ஜன்னல் வழியாகக் காட்டினால் போதும், வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, ஆங்கிலம் வராது. நான் வேலைக்குப் போன நேரம் பெய்லிஃப் வந்து, எட்டு வயதுப் பேரனிடம் "உன் அப்பா எங்கே, கார் எங்கே" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
வாசகர், லூட்டன்

பதில்: அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அவர் ஒரு தவறும் செய்யவில்லை, அவர் பொருளை யாரும் எடுக்க முடியாது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையோ பலவீன நிலையில் உள்ளவரோ மட்டும் வீட்டில் இருந்தால் பெய்லிஃப் உள்ளே வந்து பொருளைக் கையகப்படுத்தக் கூடாது. முதியவர்களையும், ஆங்கிலம் புரிந்துகொள்ளவும் பேசவும் வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களையும் அப்படிப் பலவீன நிலையில் இருக்கக்கூடியவர்கள் என்று 2014-இல் அரசு வெளியிட்ட தேசியத் தரநிலையே பட்டியலிடுகிறது. அம்மா இரண்டிலும் வருகிறார். எட்டு வயதுப் பிள்ளையிடம் காரை விசாரித்ததை நான் மன்னிக்கமாட்டேன், நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

இன்றே நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் எழுதுங்கள்: நாள், நேரம், யார் வீட்டில் இருந்தார்கள், என்ன கேட்டார். பெய்லிஃபின் அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கவுன்சில் சரியான பதில் தராவிட்டால் உள்ளூராட்சி ஒம்புட்ஸ்மனுக்குப் போகலாம். பெய்லிஃப்களைக் கண்காணிக்க 2022-இல் அமைந்த என்ஃபோர்ஸ்மென்ட் கண்டக்ட் போர்டும் இருக்கிறது. கடன்காரரே பலவீன நிலையில் இருப்பவர் என்றால், ஆலோசனை பெற அவருக்குப் போதிய அவகாசம் கொடுக்காமல் அந்த 235-ஐ வசூலிக்க முடியாது என்பதையும் மற்ற வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதச் சிரமமானால் தமிழிலேயே எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.